ஒற்றை மேஜோடு

வாரந்தோறும் இந்தப் பகுதியில் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் நேயர்களுக்குப் புத்திமதி சொல்லி வருகிறவள் நான். இந்த வாரம் புத்திமதி ஒன்றும் கிடையாது. கணிதத்தில் பட்டம் பெற்று, இருபது வருஷம் உபாத்தியாயினியாக இருந்து, நாற்பத்து நாலு வயதும் ஆன ஒருத்தி, மூன்று மாத காலம் கடைசிப் பெஞ்சு மாணவியாக இருந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வாசம் உதகமண்டலத்தில். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி மாதத்தில் விடியற்காலை எழுந்து பார்த்தால், யாரோ மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிவிட்டுப் போனாற்போல் புல்வெளி முழுவதும் உறைபனி படிந்திருக்கும். இந்தக் குளிருக்கு நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் என் மாமியார் போன வருஷந்தான் இங்கே வந்தார். என் மாமனார் காலமான பிறகு, காவேரிக் கரையிலிருந்த கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவரை அழைத்து வந்துவிட்டோம். எழுபத்தாறு வருஷ காலம் வண்டல் மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர் அவர். மலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இரவெல்லாம் கால் ஜில்லிட்டுத் தூக்கம் வராமல், போர்வைக்குள் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தோடு உரசிக் கொண்டு படுத்திருப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்.

“வெந்நீர்ப் பை வைத்தால் போயிற்று” என்று நேயர்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் சொன்னேன். டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். அத்தைக்கு வெகு காலமாக நீரிழிவு உண்டு. அந்த வியாதியினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சுடுவதே தெரியாது. தெரிவதற்குள் கொப்பளித்து விடும். கொப்புளம் புண்ணானால் எளிதில் ஆறாது. சரி, கடையில் மேஜோடு வாங்கிப் போட்டோம். காலையில் கழற்றிப் பார்த்தால், வீங்கிய கணுக்காலைச் சுற்றி ரப்பர் நாடா அழுத்திய தடம் வாய்க்கால் வெட்டியது போல் பதிந்திருந்தது. அதையும் டாக்டர் தடுத்தார். “இறுக்கமும் கூடாது, உள்ளே தடித்த தையலும் கூடாது, மெத்தென்ற கம்பளியாக இருக்கட்டும்” என்றார்.

அப்படியானால் நானே பின்னிவிடுகிறேன் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்குப் பின்னல் என்றால் தலைப்பின்னல் ஒன்றுதான் தெரியும்.

கடைவீதிக்குப் போய் நான்கு இழைக் கம்பளி நூலும், இரண்டு முனையும் கூராக இருக்கும் ஐந்து ஊசிகளும் வாங்கி வந்தேன். மேஜோட்டைக் குழல் போல் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். நான்கு ஊசிகளில் கண்ணிகள் சதுரமாக உட்கார்ந்திருக்க, ஐந்தாவது ஊசி வேலை செய்யும். கைப்பேசியில் ஓர் அம்மாள் இதைப் பின்னிக் காட்டினாள். அவள் விரல்கள் வீணை வாசிப்பது போல் ஓடின. நான் ஊசிகளைக் கையில் எடுத்த கோலத்தைப் பார்த்த என் மகன், “அம்மா, முள்ளம்பன்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே!” என்றான்.

“இவ்வளவு சிரமம் எதற்கு? வேறு கடையில் வேறு மேஜோடு கிடைக்காதா?” என்று என் கணவர் கேட்டார். கிடைக்கலாம். ஆனால் வீட்டில் ஒருத்தி ஒரு காரியத்தைச் செய்கிறேனென்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்ட பிறகு, கடையில் கிடைக்கும் என்பது ஒரு பதிலாகுமா?

எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும் அமளி இரவு பத்து மணிக்குத்தான் அடங்கும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு, இருவருக்கும் பள்ளிக்கு நேரம் வேறு வேறு. அத்தைக்கு வேளாவேளைக்குக் கஞ்சி, மாத்திரை. என் மேஜை மேல் எந்த நாளும் நாற்பது நோட்டுப் புத்தகங்கள். இவற்றினிடையே பின்னலுக்கு நேரம் எங்கே? அடுப்பங்கரையில் குக்கர் சத்தம் போடும் வரையில் இருக்கும் அவகாசந்தான். “இருபத்து மூன்று, இருபத்து நாலு” என்று கண்ணிகளை எண்ணிக் கொண்டிருப்பேன். குக்கர் கூவும். “எத்தனை ஆயிற்று?” என்று அத்தை உள்ளிருந்து கேட்பார். “இருபத்தைந்து” என்பேன். அன்றைக்குப் பருப்பு களியாகக் குழைந்து போனதற்கு நான் மட்டும் பொறுப்பாளியல்ல.

மூன்று வாரத்தில் கணுக்கால் வரை பின்னி முடித்தேன். மகன் அதை வாங்கித் தன் முழங்கைக்கு மேல் மாட்டிப் பார்த்துவிட்டு, “இது பாட்டிக்கா, முதுமலை முகாமில் இருக்கும் யானைக்கா?” என்று கேட்டான். அளவு நாடாவை எடுத்து வந்தேன். சுற்றளவு பத்தரை அங்குலத்துக்கு மேல் இருந்தது. காரணம் வெகு சுலபமானது. புத்தகத்தில் ஓர் அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி என்று கணக்கிட்டு 64 கண்ணி போடச் சொல்லியிருந்தது. என் தடித்த ஊசிக்கும் தளர்ந்த கைக்கும் அங்குலத்துக்கு ஆறுதான் விழுந்தது. அறுபத்து நாலை எட்டால் வகுப்பதும் ஆறால் வகுப்பதும் ஒன்றல்ல என்பதை வருஷா வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், முன்னதாக ஒரு சிறு துண்டு பின்னி அளந்து பார்க்கத் தோன்றாமல் போனேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. நான் அத்தையின் காலை அளக்கவேயில்லை.

அன்று மாலை அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே உட்கார்ந்து பாதத்தை மடிமேல் எடுத்து வைத்துக் கொண்டேன். “ஐயையோ, என்னம்மா இது, காலைப் போய்...” என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கல்யாணமான நாள் முதல் பண்டிகைக்குப் பண்டிகை அந்தக் கால்களில் விழுந்து நமஸ்காரம் செய்திருக்கிறேன். ஒரு நாளாவது அவற்றைப் பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை. குதிகாலில் வயல் வரப்பைப் போல் வெடிப்புகள். இடது சுண்டுவிரல் மடங்கி அடுத்த விரலின் மேல் ஏறியிருந்தது. “இது எப்போது ஆயிற்று, அத்தை?” என்று கேட்டேன். “உன் வீட்டுக்காரர் வயிற்றிலிருந்தபோது களத்து மேட்டில் இடறி விழுந்தேன். அப்போது யார் டாக்டரிடம் போனார்கள்?” என்றார். விரல்களுக்குக் கீழே சுற்றளவு எட்டரை அங்குலம், நீளம் ஒன்பதேகால். எழுதிக் கொண்டேன். ஊசியை மாற்றி, 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய ஊசி வாங்கினேன். யானை மேஜோட்டைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றினேன்.

நான் இப்படி அவதிப்படுவதைப் பார்த்த மகள், மேஜோட்டின் பூர்வோத்தரத்தையே தேடி எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். எகிப்து தேசத்தில் பூமிக்கடியிலிருந்து எடுத்த ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளி மேஜோடு லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் காலம் கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்டதாம். ஒரே ஊசியால் முடிச்சு முடிச்சாக இழைத்தது. வார்ச் செருப்பு மாட்டிக்கொள்ளத் தோதாகக் கட்டைவிரலுக்குத் தனி உறை உண்டு. “அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் போல் புத்தியிருந்திருக்கிறது” என்று அத்தை ஒப்புக்கொண்டார். 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டத்தைக் கண்டுபிடித்தார். அதன் சந்ததிகள்தான் இன்று மலைக்குக் கீழே திருப்பூரில் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் பின்னல் இயந்திரங்கள். நானூறு வருஷத்துக்கு முன்பே யந்திரம் செய்துவிட்ட காரியத்தை நான் கையால் செய்ய முடியாமல் திண்டாடினேன் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் சாரம்.

இரண்டாம் முறை மேல் பட்டையை ஆரம்பித்தேன். இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி மறுபுறமாகவும் மாறி மாறிப் பின்னினால், ரப்பரே இல்லாமல் அது தானாகச் சுருங்கி விரிந்து காலைப் பதமாகப் பற்றும். அத்தைக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் என் பட்டையில் வரி வரியாக ஓட வேண்டிய பள்ளமும் மேடும் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணிக்கொண்டே போயின. அன்று கையிலிருந்த வரிசையை மூன்று முறை பிரித்துப் பின்னினேன். மூன்று முறையும் கோணல்தான்.

மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். மத்தியான்ன இடைவேளையில் காலி வகுப்பறையில் உட்கார்ந்து அதனுடன் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவளைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லவேண்டும். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் அவள் வாங்கியது நூற்றுக்குப் பத்தொன்பது. தேர்ச்சி அறிக்கையில் “கவனம் போதாது” என்று சிவப்பு மையில் எழுதியவள் நான்.

“டீச்சர், நான் பார்க்கட்டுமா?” என்றாள்.

கொடுத்தேன். அவள் தாயார் உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கும் கம்பளிக் குல்லாய்கள் பின்னிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண் பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனியால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“தப்பு இந்த வரிசையில் இல்லை, டீச்சர். பதினோரு வரிசைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. இங்கே எத்தனை தடவை பிரித்தாலும் சரியாகாது.”

அவளை நான் உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள். ஊசியை உருவிவிட்டு, நூலை இழுத்து, என் நான்கு நாள் வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துவிட்டாள். எனக்கு நெஞ்சு பகீரென்றது. “எல்லாம் போயிற்றே!” என்றேன். “நூல் எங்கும் போகவில்லையே, டீச்சர். இதோ இருக்கிறது” என்றாள்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த வார்த்தை என் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. பத்தொன்பது மார்க்குக்கு இந்த வருஷத்துப் பாடத்திலேயே காரணத்தைத் தேடினேனே, பதினோரு வரிசைக்குக் கீழே பார்த்தேனா? மறுநாள் அவளைக் கூப்பிட்டு, இயற்கணிதத்தை மூடி வைத்துவிட்டு, “அரையும் காலும் கூட்டினால் எவ்வளவு?” என்று கேட்டேன். மேலுள்ள எண்களை மேலும், கீழுள்ளவற்றைக் கீழும் கூட்டி, “ஆறில் இரண்டு” என்று எழுதினாள். நழுவிய கண்ணி அங்கே இருந்தது! நாலு வருஷத்துக்கு முன்பு, ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் நழுவியது. அதன்மேல் நாங்கள் வரிசைக்கு மேல் வரிசையாகப் பின்னிக்கொண்டு வந்துவிட்டு, கோணலாக இருக்கிறதென்று அவளைக் கோபித்திருக்கிறோம்.

கையிலிருந்த மேஜோட்டையே காட்டினேன். நான்கு ஊசிகள், ஊசிக்குப் பதினாறு கண்ணி. “ஒரு ஊசி இதில் எத்தனை பங்கு?” “கால் பங்கு.” “குதிகாலுக்கு அரைப் பங்கு எடுத்தால்?” “இரண்டு ஊசி.” “இரண்டு ஊசியோடு ஒரு ஊசி சேர்ந்தால்?” “மூன்று ஊசி. முக்கால்.” சொல்லிவிட்டுத் தான் எழுதியிருந்த ஆறில் இரண்டைப் பார்த்தாள். “இது அரையைவிடக் குறைச்சலாக இருக்கிறதே!” என்று தானே சிரித்தாள். நான் பலகையில் எத்தனையோ முறை வட்டம் வரைந்து விளக்கியும் ஏறாதது நாலு ஊசியில் ஏறிவிட்டது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டைப் பற்றியும், கைத்தொழில் மூலமாகவே கல்வி புகட்ட வேண்டுமென்று காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியைப் பற்றியும் இரண்டு பக்கத்துக்கு விடை எழுதி நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறேன். அப்போது என் கை ஒரு தக்ளியைத் தொட்டதில்லை. எங்கள் மலையில் தோடர் குலத்துப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் ஒரு கோடுகூட வரையாமல், இழைகளை எண்ணியே அவ்வளவு கோலத்தையும் போடுகிறார்கள். இவ்வளவு கணிதம் விரல் நுனியில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லையென்று குறைப்பட்டுக் கொண்டிருந்தேன்!

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. மத்தியான்னம் பாதி நேரம் அவள் எனக்கு ஆசிரியை. பாதி நேரம் நான் அவளுக்கு. குதிகால் திருப்புவதுதான் மேஜோட்டிலேயே கஷ்டமான கட்டம். 32 கண்ணிகளை மட்டும் தனியே 32 வரிசை பின்னி ஒரு மடல் செய்துகொள்ள வேண்டும். பிறகு நடுவைத் தாண்டிச் சற்றுத் தூரம் போய், இரண்டு கண்ணியை ஒன்றாக்கி, திரும்பி வந்து, மறுபக்கமும் அப்படியே செய்து, ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போனால், தட்டையான பின்னல் தானாகவே கிண்ணம் போல் குழிந்து குதிகாலாகிறது. 32 கண்ணி 18-ஆகும். அடுத்த கணக்கை அவளே நோட்டில் போட்டாள்: “18, மடலின் இரு ஓரத்திலும் எடுத்துக்கொள்வது 16, 16, மேல்புறம் காத்திருக்கும் 32, ஆக 82. வேண்டியது 64. குறைக்க வேண்டியது 18. ஒன்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்தால் 18 சுற்று.” ஒரு தவறில்லை. பக்கத்தில் பச்சை மையில் சரி போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றாள்.

பாதம் முடிந்து விரல் நுனிக்கு வந்தபோது என் பழைய புத்தி தலைகாட்டியது. முனையைத் தையல் தெரியாமல் ஊசி நூலால் இணைப்பதற்கு ஒரு முறை உண்டு. அது சிக்கலாகத் தோன்றவே, சாதாரணமாக மடித்துத் தைத்து முடித்துவிட்டேன். அத்தைக்கு மாட்டினேன். அளவு கனகச்சிதம். “பஞ்சுக்குள் வைத்தாற்போல் இருக்கிறது” என்றார். மறுநாள் காலையில் கழற்றிப் பார்த்தேன். அந்த மடங்கிய சுண்டுவிரலின் மேல், என் தையல் உரசிய இடத்தில், குன்றிமணியளவு சிவந்திருந்தது. “வலிக்கிறதா, அத்தை?” “ஒன்றும் தெரியவில்லையே, அம்மா” என்றார். அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் தவிர்க்கப் பார்த்த அந்த இணைப்புக்குக் ‘கிச்சனர் தையல்’ என்று பெயர். 1902 முதல் 1909 வரை இந்தியச் சேனையின் பிரதம தளபதியாக இருந்து, முதல் உலக மகாயுத்தத்தின்போது பிரிட்டனின் யுத்த மந்திரியாக இருந்த கிச்சனர் பிரபுவின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த யுத்தத்தில், சேற்றிலும் ஈரத்திலும் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் அழுகி வீணாகும் வியாதி வந்தது. உலர்ந்த மேஜோடு மாற்றிக்கொள்வது அதற்கு ஒரு தடுப்பு. வீட்டிலிருந்த ஸ்திரீகள் லட்சக்கணக்கில் பின்னி அனுப்பினார்கள். பிரபுவின் அரசியலைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. ஆனாலும் விரலை உரசாத முனை சிப்பாய்க்கும் வேண்டும், என் மாமியாருக்கும் வேண்டும்.

தைத்ததைப் பிரித்தேன். இந்த முறை நெஞ்சு பகீரென்னவில்லை. நூல் எங்கும் போகவில்லையே! சனிக்கிழமை இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக இணைத்தேன். மணி பன்னிரண்டு அடித்தது. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். தையல் இருக்கும் இடமே தெரியவில்லை. சுண்டுவிரலின் சிவப்பும் நாலு நாளில் மறைந்தது.

அரையாண்டுத் தேர்வில் அந்தப் பெண் வாங்கியது 37. முதல் வகுப்பல்ல, தேர்ச்சிக்கு வேண்டிய முப்பத்தைந்துக்கு மேல் இரண்டுதான். ஆனால் பின்னக் கணக்குகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. இந்தத் தடவை அறிக்கையில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். “கவனம் போதாது” என்ற பழைய வாக்கியம் எதிரே இருந்தது. போதாத கவனம் யாருடையது என்று எழுத அதில் கட்டம் இல்லை. “கூர்ந்து பார்க்கிறாள்” என்று எழுதினேன்.

தை பிறந்துவிட்டது, குளிர் இன்னும் விடவில்லை. முடிந்திருப்பது ஒரு மேஜோடுதான். இரண்டாவது, குதிகால் மடலில் நிற்கிறது. “இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அத்தை” என்று நேற்று மன்னிப்புக் கேட்பது போல் சொன்னேன்.

“அவசரம் என்ன? ஒரு நாள் இடது கால், மறுநாள் வலது கால் என்று முறை வைத்துப் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு இடது காலின் முறை” என்று சொல்லிவிட்டு, அந்த மடங்கிய சுண்டுவிரல் உள்ள பாதத்தைத் தாமாகவே என் பக்கம் நீட்டினார்.